காட்டில் கோவாலாவைத் தேடிக் காணும் முறை

ஆஸ்திரேலியாவின் யூக்கலிப்டஸ் காடுகளில் நடந்துசெல்கிறவர்களில் பலர், தலைக்கு மேலேயே கோவாலா உட்கார்ந்திருந்தும் அதைக் காணாமல் கடந்துபோகிறார்கள். அது ஒளிந்துகொள்வதில்லை. ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை ஆடாமல் அசையாமல் இருக்கும் விலங்கு அது. அதன் மயிரும் ஏறத்தாழ மரப்பட்டையின் நிறந்தான். அசைவைத் தேடியே பழகிய கண்ணுக்கு அது மரத்தில் புடைத்த ஒரு முண்டாக மட்டுமே தெரியும். ஆகையால் தேடலைக் கோவாலாவிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் மரத்தை அறிய வேண்டும், அடுத்து மரத்தடியைக் குனிந்து பார்க்க வேண்டும், அதன் பிறகே அண்ணாந்து கிளைகளை நோக்க வேண்டும். தேடப் புறப்படுகிறவர் பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, கழுத்து வலியோடு வெறுங்கையாகத் திரும்புகிறார்கள்.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'கோவாலா கரடி' என்று பலரும் வழங்கினாலும் இதற்கும் கரடிக்கும் உறவில்லை. கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டியை வளர்க்கும் பாலூட்டி இது. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் இதற்கு மிக நெருங்கிய உறவு, மண்ணில் வளை தோண்டி வாழும் வாம்பட். கோவாலா என்ற பெயர், சிட்னி வட்டாரத்தின் பூர்வகுடிகளான தாருக் மக்களின் 'குலா' என்ற சொல்லிலிருந்து வந்தது.

எந்த நிலப்பகுதிக்குச் செல்வது

கோவாலாக்கள் ஆஸ்திரேலியாவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் மட்டுமே காட்டில் வாழ்கின்றன. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர் கான்பெராவைச் சுற்றிய பகுதி, விக்டோரியா, சவுத் ஆஸ்திரேலியா ஆகியவற்றில் அவற்றைத் தேடலாம். டாஸ்மேனியாவின் காடுகளிலோ மேற்கு ஆஸ்திரேலியாவின் காடுகளிலோ தேடுவது வீண். வடக்கே இருப்பவையும் தெற்கே இருப்பவையும் ஒரே இனமே எனினும் தோற்றத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. குயின்ஸ்லாந்தில் வளர்ந்த ஆண் சராசரியாக 6.5 கிலோ எடையும் குட்டையான வெளிர்சாம்பல் மயிரும் கொண்டிருக்கும். விக்டோரியாவிலோ அதே ஆண் 12 கிலோ அளவுக்கு வளர்ந்து, பழுப்புக் கலந்த அடர்ந்த மயிரைப் போர்த்தியிருக்கும். தெற்கில் பார்த்துப் பழகியவர் வடக்கே செல்லும்போது, வளர்ந்த விலங்கையே குட்டி என எண்ணிவிடக் கூடும்.

எளிதாகக் காணக்கூடிய இடங்களுக்கும் அவற்றின் இயல்பான வாழிடங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் அறிந்துகொள்வது நல்லது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தோலுக்காக இவை கண்மூடித்தனமாகக் கொல்லப்பட்டன. 1927 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு வேட்டைக்கு அனுமதி அளித்த ஒரே மாதத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. தெற்கே அவை ஏறக்குறைய அற்றுப்போன காலத்தில், விக்டோரியாவின் பிரெஞ்சுத் தீவில் முன்னரே கொண்டுவிடப்பட்டுப் பெருகியிருந்த கூட்டத்திலிருந்து மற்ற இடங்களுக்கு எடுத்துச்சென்று விட்டார்கள். சவுத் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவுக்கு 1920களில் அவை சென்றது அப்படித்தான். விக்டோரியாவின் ரேமண்ட் தீவில் 1953இல் விடப்பட்டன. இன்று ஒருவர் அதிகச் சிரமமின்றிக் கோவாலாவைக் காணும் இடங்கள் பலவும் மனிதர் கொண்டுபோய் விட்ட இடங்களே. இயற்கையாக அவை வாழ்ந்துவந்த குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகியவற்றிலோ, 2022 பிப்ரவரியில் அவற்றை 'அழியும் ஆபத்திலுள்ளவை' என மத்திய அரசு அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

முதன்முறை தேடுகிறவருக்கு ரேமண்ட் தீவையே நான் பரிந்துரைப்பேன். பெயின்ஸ்வில் என்ற ஊரிலிருந்து சில நிமிடப் படகுப் பயணத்தில் அங்கே சேரலாம். மரங்கள் பாதையோரத்திலேயே இருப்பதால் கண்ணைப் பழக்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் அரிது. கிரேட் ஓஷன் ரோடு வழியில் உள்ள கென்னட் ரிவர், வார்னம்பூல் அருகே உள்ள டவர் ஹில், குயின்ஸ்லாந்தின் மேக்னடிக் தீவில் உள்ள ஃபோர்ட்ஸ் நடைபாதை ஆகியவையும் ஏற்றவை. கண் பழகிய பின் நியூ சவுத் வேல்ஸின் போர்ட் மக்குவாரி போன்ற இடங்களில் தேடலாம். அங்கே பொறுமை கூடுதலாக வேண்டும். ஒரே இடத்தில் நிறையக் கோவாலாக்களைப் பார்த்துவிட்டால் அங்கே எல்லாம் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. விக்டோரியாவின் கேப் ஆட்வேயில் அவை அளவுமீறிப் பெருகி, மன்னா கம் மரங்களை மொட்டையாக்கி, பிறகு தின்ன இலையின்றிப் பட்டினியால் வாடின.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

யூக்கலிப்டஸில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆனால் ஒரு வட்டாரத்துக் கோவாலா விரும்பித் தின்பவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில இனங்களே. தெற்கே மன்னா கம், உள்நாட்டு ஆற்றங்கரைகளில் ரிவர் ரெட் கம், கிழக்குக் கரையோரத்தில் ஃபாரஸ்ட் ரெட் கம், டாலோவுட், ஸ்வாம்ப் மஹோகனி, கிரே கம் என்று இந்தப் பட்டியல் இடத்துக்கு இடம் மாறும். செல்லும் பகுதியில் அவை எந்த மரத்தை உண்கின்றன என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, அந்த மரத்தின் பட்டையையும் இலையையும் காயையும் அடையாளம் காணப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு தேர்வு என்பதைப் புரிந்துகொண்டால் தேடும் கண்ணும் கூர்மையடையும். யூக்கலிப்டஸ் இலை நார் மிகுந்தது, புரதம் குறைந்தது, போதாக்குறைக்கு நஞ்சும் உடையது. பிற பாலூட்டிகளுக்குக் கேடு செய்யும் அந்த நஞ்சைக் கோவாலாவின் கல்லீரல் முறித்துவிடுகிறது; 2018இல் வெளியான அதன் மரபணுத் தொகுப்பு, இந்த வேலைக்கான மரபணுக்கள் அதனிடம் வழக்கத்தைவிட மிகுதியாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. நாரைச் செரிக்க, சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள பை போன்ற குடல் இருக்கிறது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் இலையை மெல்ல மெல்ல நொதிக்கச் செய்கின்றன. நாளொன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இலை தின்றாலும் கிடைக்கும் ஆற்றல் சொற்பமே. அதனால்தான் அது அவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறது. இலையிலுள்ள தைலத்தால் மயங்கிக் கிடக்கிறது என்று சுற்றுலாப் பயணிகளிடம் இன்றும் சொல்லப்படும் கதையில் உண்மை இல்லை.

வளமான, ஈரப்பசையுள்ள மண்ணில் நிற்கும் மரத்தின் இலையில் நீரும் புரதமும் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரே இன மரங்கள் மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும் நின்றால், முதலில் ஓடைக்கரைக்கே செல்லுங்கள். வறட்சிக் காலத்தில் இது இன்னும் பொருந்தும். கோவாலாவுக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி இலையிலிருந்தே கிடைக்கிறது. மழையின்போது அடிமரத்தில் வழியும் நீரையும் அது நக்கிக் குடிக்கும். மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இரவில் தின்ற மரத்திலேயே பகலில் தூங்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. கோடையில் நிழல் அடர்ந்த வேறு மரத்துக்கு, யூக்கலிப்டஸே அல்லாத அகேசியா போன்ற மரத்துக்கும்கூட, அது மாறிவிடும்.

மரத்தடியைப் பார்த்தல்

இந்தப் படியை யாரும் தாண்டிச் செல்லக் கூடாது. கோவாலா கண்ணில் படாமல் போகலாம். அதன் புழுக்கை பொய் சொல்லாது. ஒரு நாளில் 150 வரை இடக்கூடிய இந்தப் புழுக்கைகள் அடிமரத்தைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.5 முதல் 2.5 சென்டிமீட்டர் நீளம், இரு முனையும் மழுங்கிய நீள்வட்ட வடிவம், கெட்டியான மேற்பரப்பு. கையுறை அணிந்த விரல்களால், அல்லது ஒரு குச்சியால், ஒன்றை இரண்டாக உடைத்துப் பாருங்கள். உள்ளே தூள் தூளாக அரைபட்ட இலைநார் ஒரே சீராக நெருங்கியிருக்கும். முகர்ந்தால் சாணநாற்றத்தைவிட யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசனையே முன்னே வரும். வேறு விலங்கின் எச்சத்தில் இந்த வாசனையும் இந்தச் சீரான அரைப்பும் ஒன்றாக அமைவது அரிது. அதே மரங்களில் திரியும் போசம் என்ற விலங்கின் புழுக்கை ஒழுங்கற்ற வடிவிலும், வளைந்தும், உள்ளே திப்பிதிப்பியாகவும் இருக்கும்.

புதிய புழுக்கையில் பசுமை கலந்த நிறமும் மெல்லிய பளபளப்பும் இருக்கும். நாளாக ஆகப் பழுப்பேறி, மங்கி, வெளுத்து, தொட்டால் பொடியாகும். பளபளப்புள்ளது கிடைத்தால், அது இன்னும் அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ இருக்க வாய்ப்புண்டு, அங்கேயே நின்றுவிடுங்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு முறையில், ஒரு நடுமரத்தையும் அதற்கு மிக அருகிலுள்ள 29 மரங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குள் சருகை விலக்கி ஏறக்குறைய இரண்டு நிமிடம் தேடுகிறார்கள். எத்தனை மரத்தடியில் புழுக்கை கிடைத்தது என்ற விகிதத்தைக் கொண்டே அந்த இடத்தைக் கோவாலாக்கள் எவ்வளவு பயன்படுத்துகின்றன என்று கணிக்கிறார்கள். பொழுதுபோக்காகத் தேடுகிறவரும் இதைச் செய்யலாம். சருகைக் கிளறுமுன் பாம்பு இருக்கிறதா என்று குச்சியால் தட்டிப் பார்ப்பதும், முடிந்தபின் கை கழுவுவதும் அவசியம்.

வழவழப்பான பட்டையுள்ள மரங்களில் நகக்குறிகளும் உதவும். ஏறும்போது நகம் ஊன்றிய சிறு குழிகளும், இறங்கும்போது சறுக்கிய கோடுகளும் தெரியும். ஆனால் போசமும் கொவானா என்ற உடும்பும் அதே மரத்தில் ஏறும் என்பதால், நகக்குறியைத் துணைச் சான்றாகக் கொள்ளலாமே தவிர முடிவாகக் கொள்ளக் கூடாது.

அண்ணாந்து பார்த்தல்

இப்போது அடிமரத்தை விட்டுப் பத்துப் பதினைந்து அடி பின்னால் வந்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். இலைகளை விட்டுவிட்டுக் கவட்டைகளை மட்டும் பாருங்கள். கோவாலாவுக்கு வெளியே தெரியும் வால் இல்லை; புட்டத்தில் தடித்த தோலும் அடர்ந்த மயிரும் மெத்தை போல அமைந்திருப்பதால் கவட்டையில் ஆப்பு அடித்தாற்போல் உட்கார்ந்துகொள்ளும். கவட்டையில் ஓர் உருண்டை தெரிந்தால் பைனாகுலரை எடுங்கள். கறையான் புற்று, மரத்தின் கழலை, புல்லுருவிக் கொத்து ஆகிய மூன்றும் ஏமாற்றும். காதின் ஓரத்தில் வெள்ளை மயிர்க்குஞ்சம், புட்டத்தில் வெள்ளைப் புள்ளிகள் கலந்த தேமல், மார்பில் வெண்மை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் ஐயமில்லை. ஒரு பக்கத்திலிருந்து தெரியாவிட்டால் மரத்தை ஒரு முழுச்சுற்று சுற்றி வாருங்கள். நான் கண்டவற்றுள் பலவும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டன.

வானிலையைப் பொறுத்து உருவம் மாறும். குளிரிலும் காற்றிலும் மழையிலும் அது முதுகை வளைத்துப் பந்தாகச் சுருண்டிருக்கும். கடும் வெயிலில் கைகால்களைத் தொங்கவிட்டு, வயிற்றை அடிமரத்தோடு ஒட்டி அணைத்துக்கொண்டிருக்கும். அந்த அணைப்பின் காரணத்தை 2014இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெப்பப் படக்கருவி கொண்டு விளக்கினார்கள்: வெயில் நாளில் அடிமரம் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது, உடல் வெப்பத்தை அதற்குக் கடத்திவிட்டால் மூச்சிளைத்தோ மயிரை நக்கியோ நீரை வீணாக்க வேண்டியதில்லை. ஆகவே வெயில் கடுமையான நாளில் உச்சிக் கிளைகளை விட்டு, கீழேயுள்ள தடித்த பகுதிகளைத் தேடுங்கள்.

விடியலும் அந்தியும் தேடுவதற்குச் சிறந்த வேளைகள், ஏனெனில் அப்போதுதான் அவை அசையும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் காதும் கண்ணுக்குத் துணை செய்யும். ஆண் கோவாலா எழுப்பும் ஒலி, குறட்டையும் உறுமலும் மாறி மாறி வருவது போல இருக்கும். கேட்கிறவர் அதை ஒரு பன்றியுடையதாகவோ பெரிய விலங்குடையதாகவோ எண்ணிக்கொள்வார். குரல்வளைக்கு அப்பால், மேலண்ணத்தின் பின்புறத்தில் அதற்குத் தனியாக ஓர் இணை ஒலிமடிப்புகள் இருப்பதை 2013இல் கண்டறிந்தார்கள். அத்தனை சிறிய உடலிலிருந்து அவ்வளவு தாழ்ந்த ஒலி வருவது அதனால்தான்.

கண்டபின் எதைக் கவனிப்பது

முதலில் மார்பைப் பாருங்கள். வளர்ந்த ஆணின் வெண்மார்பின் நடுவில் பழுப்பு நிறக் கறை ஒன்று நீளவாக்கில் இருக்கும். அது மணச்சுரப்பி, அதை அடிமரத்தில் தேய்த்துத் தன் இருப்பை அறிவிக்கும். பெண்ணின் மார்பு தூய வெள்ளையாக இருக்கும். வயிற்றுப்பை கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் திறக்கும். ஏறத்தாழ 35 நாள் கருவிலிருந்து பிறக்கும் குட்டி 2 சென்டிமீட்டர் நீளமும் ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுமே உடையது. கண் திறவாமல், மயிரில்லாமல், தானே ஊர்ந்து பைக்குள் சேர்கிறது. ஆறு மாதம் பையில் வளர்ந்தபின், தாயின் குடலிலிருந்து வரும் 'பேப்' என்ற மென்மையான கழிவை அது உண்கிறது. இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குட்டியின் குடலுக்குள் குடியேறுவது இதன் வழியாகத்தான். பிறகு ஏறத்தாழ ஓராண்டு நிறையும் வரை தாயின் முதுகில் சவாரி. முதுகில் குட்டியோடு காண விரும்புகிறவருக்குக் குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் மாதங்கள் ஏற்றவை.

உணவு வேளையில் காண்பது பெரும்பேறு. ரேமண்ட் தீவில் ஒரு மாலை, கண்மட்டத்துக்குச் சற்று மேலே தாழ்ந்திருந்த கிளையில் ஒரு பெண் கோவாலா விழித்தது. சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு, வலது கையை நீட்டி ஒரு கொத்தை இழுத்தது. கையில் மூன்று விரல் ஒரு பக்கமும் கட்டைவிரல் போன்ற இரண்டு விரல் மறுபக்கமுமாகக் கிளையைக் கவ்வியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கொத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது, விட்டுவிட்டது. அடுத்ததை முகர்ந்தது, அதையும் விட்டது. மூன்றாவது கொத்திலிருந்து ஒரே ஓர் இலையைக் கடித்து, தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நெடுநேரம் மென்றது. பின்னர் பின்காலை உயர்த்தி விலாவைச் சொறிந்தது. அந்தக் காலின் இரண்டு விரல்கள் ஒன்றாக ஒட்டி, நுனியில் இரட்டை நகத்தோடு சீப்பு போல அமைந்திருந்தன. இத்தனையும் காண எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவசரமில்லாதவருக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி இது.

எப்படி நடந்துகொள்வது

கோவாலாவைக் கண்டதும் அதிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப்போய் நில்லுங்கள். அது காதை அசைத்து உங்களையே உற்றுப் பார்க்கத் தொடங்கினாலோ, மேலே ஏற முற்பட்டாலோ, நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிட்டு வாழும் விலங்குக்கு வீணாக ஏறும் ஒவ்வோர் அடியும் இழப்பே. கிளையை உலுக்குவது, குரல் கொடுத்து எழுப்புவது, இலையை நீட்டுவது, ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பது, ட்ரோன் பறக்கவிடுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். நாயை அழைத்துச் செல்லவே கூடாது. மரத்துக்கு மரம் தரையில் நடந்து செல்லும் நேரமே கோவாலாவின் வாழ்வில் மிக ஆபத்தான நேரம். நாய்க்கடியும் வாகனமும் அவற்றைப் பெருமளவில் கொல்கின்றன. கோவாலா வாழும் பகுதிகளில் அந்தி முதல் விடியல் வரை, குறிப்பாக ஆண்கள் அலையும் இனப்பெருக்கக் காலத்தில், காரை மெதுவாக ஓட்டுங்கள்.

தூக்கி அணைத்துப் படமெடுக்கும் ஆசை பலருக்கும் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் பார்வையாளர் அதைத் தூக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. குயின்ஸ்லாந்தில் உரிமம் பெற்ற இடங்களில் அனுமதி இருந்தாலும், பிரிஸ்பேனின் லோன் பைன் சரணாலயம் 2024இல் தானாகவே அதை நிறுத்திவிட்டது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

நோயுற்றதைக் காண நேரிடலாம். சிவந்து, நீர் வடிந்து, பீளை கட்டிய கண்களும், புட்டத்தில் ஈரமான பழுப்புக் கறையும் கிளமிடியா நோயின் அடையாளங்கள். கண்ணைக் குருடாக்கி, பெண்ணை மலடாக்கும் இந்த நோய்க்கான தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒப்புதல் கிடைத்தது. பகலில் தரையில் உட்கார்ந்திருந்து, நீங்கள் அருகே சென்றும் நகராத கோவாலாவும் பெரும்பாலும் நோயுற்றதோ அடிபட்டதோ ஆகும். நீங்களே தூக்க முயலாதீர்கள்; அதன் நகமும் பல்லும் ஆழமாகக் கிழிக்கும். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா போன்ற மீட்பு அமைப்புகளின் எண்ணைப் புறப்படுமுன்பே கைபேசியில் பதிந்துகொண்டு, அவர்களை அழைத்து, அவர்கள் வரும் வரை நாயும் மக்களும் நெருங்காமல் காத்து நில்லுங்கள். சாலையில் இறந்துகிடப்பது பெண்ணாக இருந்தால் அதையும் தெரிவியுங்கள். பையில் குட்டி உயிரோடு இருக்கக்கூடும். முலைக்காம்பைப் பற்றியிருக்கும் குட்டியை இழுத்துப் பிரிக்கக் கூடாது.

வெப்ப அலையின்போது தாகத்தோடு இருக்கும் கோவாலாவின் வாயில் பாட்டிலைச் சாய்த்து நீர் ஊற்றுவது பெருந்தவறு. நீர் நுரையீரலுக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடலாம். அகலமான பாத்திரத்தில் நீரை நிரப்பித் தரையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்; தானே தலையைக் குனிந்து நக்கிக் குடிக்கும்.

குறித்துவைத்தல்

நாள், நேரம், இடம், மரத்தின் இனம், எவ்வளவு உயரத்தில் இருந்தது, ஆணா பெண்ணா, குட்டி உண்டா, கண்ணும் புட்டமும் சுத்தமாக இருந்தனவா என்பவற்றை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ, நியூ சவுத் வேல்ஸின் பயோநெட் போன்ற மாநிலப் பதிவேடுகளிலோ சேர்த்தால் அது ஆய்வாளர்களுக்குப் பயன்படும். சமூக ஊடகத்தில் மட்டும் மரத்தின் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள்; மறுநாளே அந்த மரத்தடியில் கூட்டம் கூடிவிடும்.

விலங்கைக் காணாமல் புழுக்கையை மட்டும் கண்ட நாளையும் பதிவு செய்யுங்கள். அந்த மரத்தடியிலுள்ள புழுக்கைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அப்புறப்படுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் சென்று குனிந்து பாருங்கள். புதிதாக ஒன்று கிடந்தாலும் போதும், இடைப்பட்ட நாட்களில் அது அங்கே வந்துபோயிருக்கிறது.